செல்வின் கிதாரில் நான் வைத்த கண்டன்சர்

அன்றைக்குக் கடையில் இருந்தது நாலு பேர். நான். கிதாருக்குச் சொந்தக்காரர் செல்வின். செல்வின் வாசிக்கிற மெல்லிசைக் குழுவை நடத்தும் கணபதி அண்ணாச்சி. நாலாவது ஆள் பக்கத்துத் தையல்கடை பேச்சியம்மா. அவள் உள்ளே வரவில்லை. ரெண்டு கடைக்கும் பொதுவான படியில் உட்கார்ந்து ஒரு ஜாக்கெட்டுக்குக் கொக்கி தைத்துக்கொண்டிருந்தாள். பகல் பதினோரு மணி இருக்கும்.

இவ்வளவு விவரமாக எழுதக் காரணம் உண்டு. நாலு பேரும் அன்றைக்கு ஒரே சத்தத்தைத்தான் கேட்டோம். சரியாகிவிட்டது என்று அண்ணாச்சி சொன்னார், நானும் சொன்னேன். செல்வின் ஒரு கேள்வி மட்டும் கேட்டார். சரியில்லை என்று சொன்னது பேச்சியம்மா மட்டும்தான். அவளை நான் பேசவிடவில்லை.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். பாளையங்கோட்டை மார்க்கெட் பக்கம் ஆம்ப்ளிஃபயர், மிக்சர், கீபோர்டு ரிப்பேர் பார்க்கிறேன். நம் மெக்கானிக் வாட்ஸப் குரூப்பில் தம்பிமார் அடிக்கடி கேட்கிறார்கள், கிதாருக்குள்ளேயே வைக்கிற பூஸ்டரில் 'ஸ்ஸ்' என்று இரைச்சல் வருகிறது, எப்படி அடக்குவது என்று. பதிலை ரெண்டு வரியில் போடலாம். ஆனால் ரெண்டு வரியில் போட்டால், நான் செய்ததையே நீங்களும் செய்துவிடுவீர்களோ என்று எனக்குப் பயமாயிருக்கிறது. அதனால் முழுசாக எழுதுகிறேன்.

1. பூஸ்டர் வந்த காரணம்

செல்வினுக்கு ஊர் அம்பாசமுத்திரம், நாங்கள் அம்பை என்போம். கோயில் கொடைத் திருவிழாக்களில் கச்சேரிக்கு லீட் கிதார். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் வாசிப்பார். நாலைந்து பிள்ளைகளுக்கு வகுப்பும் எடுப்பார். அதை வைத்துத்தான் குடும்பம்.

போன வருஷம் பைக்கில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்துவிட்டது. தகடு வைத்துத் தைத்தார்கள். கட்டுப் பிரித்த பிறகு கை அசைந்தது, ஆனால் பிடியில் பலமில்லை. கிதார் வாசிக்கிறவருக்கு வலது கை என்றால் கம்பியைத் தட்டுகிற கை. பெருவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் பிக் என்கிற சின்னத் தகட்டைப் பிடித்துத் தட்ட வேண்டும். செல்வினால் மெதுவாகத்தான் தட்ட முடிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு பஞ்சுப் பந்தைக் கொடுத்து, தினமும் அமுக்கு, பைய பைய பலம் வரும் என்று சொல்லியிருந்தார்கள்.

அதுவரைக்கும் சோறு வேணுமே. அதற்காகத்தான் அவர் பூஸ்டர் வைத்தார். தீப்பெட்டியில் பாதி இருக்கும் ஒரு போர்டு, ஒரு ஒன்பது வோல்ட் பேட்டரி, கிதாரின் பின்பக்கக் குழிக்குள் அடங்கிவிடும். மெதுவாகத் தட்டினாலும் சத்தத்தைப் பெருக்கி வெளியே அனுப்பும். ஆன்லைனில் வாங்கித் தானே வைத்துக்கொண்டார். சத்தம் வந்தது. கூடவே இரைச்சலும் வந்தது.

தம்பிமார் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். கிதாரில் ரெண்டு வகை வேண்டாத சத்தம் உண்டு. ஒன்று 'உர்ர்' என்று வருவது. அது கரண்ட் லைனிலிருந்து வருகிறது. கம்பியைத் தொட்டால் குறையும், உள்ளே செம்புத் தாள் ஒட்டினால் அடங்கும். இன்னொன்று 'ஸ்ஸ்' என்று, குக்கர் விசில் போடுவதற்கு முன்னால் சீறுமே, அது மாதிரி வருவது. அது வெளியிலிருந்து வருவதில்லை. போர்டே போடுகிற சத்தம். கம்பியைத் தொட்டாலும் குறையாது, செம்புத் தாளை எவ்வளவு ஒட்டினாலும் போகாது. செல்வின் கிதாரில் இருந்தது இரண்டாவது.

2. நாளைக்குக் கொடை

கணபதி அண்ணாச்சி கிதாரை மேஜையில் வைக்கும்போதே கோபமாகத்தான் இருந்தார்.

"பாய், இந்தச் சவத்தை எப்படியாச்சும் அடக்கும். ரெண்டு பாட்டுக்கு நடுவுல நான் மைக்குல பேசுதேன், பின்னால பாம்பு சீறுத மாதிரி கேக்கு. போன கொடையில முன்வரிசையில இருந்த ஒரு கெழவி என்ன கேட்டா தெரியுமா? 'என்னய்யா, கேஸு லீக் ஆவுதா'ன்னு கேக்கா வே!"

செல்வின் சிரிக்கவில்லை. "சத்தம் கொறையாமப் பாத்துக்கிடுங்க பாய். மெதுவாத் தட்டினாலும் கேக்கணும். அதுக்குத்தான் இதை வச்சேன்" என்றார்.

பின்மூடியைத் திறந்து பார்த்தேன். மூணு குறை கண்ணில் பட்டது. முதலாவது, வந்த சத்தத்தை நூறு மடங்கு பெருக்கும்படி ரெசிஸ்டன்ஸ் போட்டிருந்தது. அவ்வளவு தேவையே இல்லை. ரெண்டாவது, சத்தத்தைப் பெருக்குகிற ஐசி சில்லு மட்ட ரகம். மூணாவது, வால்யூம் கன்ட்ரோல் பூஸ்டருக்கு முன்னால் இருந்தது. அப்படியிருந்தால் வால்யூமைக் குறைத்தாலும் பாட்டுதான் குறையும், இரைச்சல் அப்படியே நிற்கும்.

மூன்றையும் மாற்ற வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. தெரியவில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. தெரிந்தது.

"அரை நாள் வேலை அண்ணாச்சி. நல்ல ஐசி எங்கிட்ட இல்ல. வரவழைக்க நாலு நாளாவும்."

"நாலு நாளா? நாளைக்குக் கொடை வே! அம்மன்கிட்டப் போயி, தாயே, ஐசி வரல, கொடையைத் தள்ளி வச்சுக்கோன்னு சொல்லட்டுமா?"

எனக்கு இன்னொரு பயமும் இருந்தது. அந்த போர்டில் செம்புப் பாதை தாள் மாதிரி மெல்லிசு. ஈயம் உருக்கும்போது பெயர்ந்துவிட்டால் நாளைக்கு அவருக்குக் கிதாரே கிடையாது. பொருள் என் கையில் உடைவதை நினைத்தால் எனக்கு விரல் வேர்க்கும். ராத்திரி பூட்டிவிட்டுப் போய், சால்டரிங் அயர்னை அணைத்தேனா என்று பார்க்கத் திரும்பி வருகிற ஆள் நான்.

அதனால் சின்ன வேலையாக ஒன்று செய்தேன். பெருக்கத்தைத் தீர்மானிக்கிற ரெசிஸ்டன்ஸின் ரெண்டு முனைக்கும் குறுக்கே, உளுந்து அளவில் ஒரு டிஸ்க் கண்டன்சரை வைத்து ஈயத்தால் ஒட்டினேன். அஞ்சு நிமிஷ வேலை. அது என்ன செய்யுமென்றால், மேல் ஸ்தாயிச் சத்தத்தை மட்டும் பெருக்காமல் விட்டுவிடும். இரைச்சல் நம் காதில் அதிகம் குத்துவது அந்த மேல் பகுதியில்தான். ஆகவே இரைச்சல் அடங்கும். கிதாரின் பளிச்சென்ற ஒலி இருப்பதும் அதே இடத்தில்தான். அதுவும் கூடவே அடங்கும். இதுவும் எனக்குத் தெரியும்.

ஆம்ப்ளிஃபயரில் சொருகினேன். "கையை எடுத்துக்கிடுங்க" என்று செல்வினிடம் சொன்னேன். எல்லாரும் மூச்சை அடக்கிக் கேட்டோம். வெளியே ஆட்டோ ஹார்ன் ஓய்ந்த நேரத்தில் ஸ்பீக்கர் பக்கம் காதை வைத்தார் அண்ணாச்சி. முக்கால்வாசி இரைச்சல் இல்லை.

"பாய்னா பாய்தான்" என்று மேஜையைத் தட்டினார்.

செல்வின் ஒரு சின்ன வரிசை வாசித்தார். நிறுத்தினார். அவர் கிதாரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்க்கவில்லை, தன் வலது கையைப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார். இன்னும் கொஞ்சம் அழுத்தித் தட்டினார். மறுபடியும் கையைப் பார்த்தார்.

படியிலிருந்து பேச்சியம்மா தலையைத் தூக்கினாள். "பாய், முந்தி வாசிக்கையில பட்டுச்சேலை சரசரக்குத மாதிரி இருந்துச்சு. இப்பம் பத்து வாட்டி துவைச்ச லுங்கி மாதிரில்லா இருக்கு."

"நீ கொக்கியைத் தை தாயி. இது உனக்குப் புரியாது."

"புரியாதுதான். ஆண்டவன் காது குடுத்திருக்கான்லா" என்று முனகிக்கொண்டே நூலைப் பல்லால் கடித்தாள்.

செல்வின் என்னைப் பார்த்தார். "என்ன சொல்லுதாங்க? மந்தமா இருக்கா பாய்?"

அங்கேதான் நான் தப்பு செய்தேன். கண்டன்சர் வைத்ததைக்கூட அவசரத்துக்குச் செய்தது என்று சொல்லலாம். அடுத்து என் வாயிலிருந்து வந்த வார்த்தைக்கு ஒரு சாக்கும் கிடையாது.

"ஒண்ணுமில்ல தம்பி. எங்கிட்ட இருக்குத ஸ்பீக்கர் பழசு. உங்க ஆம்ப்ளிஃபயர்ல போட்டாச் சரியாயிரும்."

கூலி வாங்கிக்கொண்டேன். போனார்கள்.

பிறகு நினைத்துப் பார்த்தால், அன்றைக்கு வாசிக்காத கிதாரைத்தான் நாங்கள் சோதித்திருக்கிறோம். கையை எடுக்கச் சொல்லி, மூச்சை அடக்கி, ஒன்றுமில்லாததைக் கவனித்துக் கேட்டோம். அவர் வாசித்தபோது கவனித்தது தையல்காரி ஒருத்திதான்.

3. போன் வராத ரெண்டு மாதம்

எங்கள் தொழிலில் ஒரு எண்ணம் உண்டு. வேலை முடித்துக் கொடுத்த பொருளுக்குப் போன் வராவிட்டால் எல்லாம் சரியாயிருக்கிறது என்று. முதல் வாரம் ஒவ்வொரு தடவை போன் அடிக்கும்போதும் செல்வினோ என்று பதறினேன். வரவில்லை. ரெண்டாவது வாரம் கொஞ்சம் மூச்சு விட்டேன். ஒரு மாதம் ஆனதும் மறந்தே போனேன் என்று சொன்னால் பொய். மறந்துவிட்டதாக வைத்துக்கொண்டேன்.

ரெண்டு மாதம் கழித்து அண்ணாச்சி ஒரு மிக்சரைத் தூக்கிக்கொண்டு வந்தார். அதைத் திறந்துகொண்டே சும்மா கேட்கிற மாதிரி கேட்டேன்.

"செல்வின் எப்படி இருக்காரு?"

"அவனா? இப்பம் வாரதில்ல வே. கை போயிட்டு."

"போயிட்டா? நல்லாத்தானே தேறிக்கிட்டு வந்துச்சு?"

"தேறிக்கிட்டுத்தான் வந்தான். உம்ம கடையிலருந்து போனதுக்கப்புறம் நாலு கொடை வாசிச்சான். நாலுலயும் மந்தம். 'அண்ணாச்சி, விரல்ல உசுரில்ல, சத்தம் எந்திரிக்க மாட்டுக்கு'ன்னு அவனே சொல்லுதான். நானுந்தான் கேட்டேனே. கம்பளியைப் போத்திக்கிட்டு வாசிச்ச மாதிரி இருந்துச்சு. நான் போகச் சொல்லல வே, எம்மேல பழியைப் போடாதேயும். அவனாத்தான் பைய ஒதுங்கிட்டான். ஆஸ்பத்திரியில பந்து அமுக்கச் சொன்னாகல்லா, அதையும் நிறுத்திட்டானாம். எதுக்கு அமுக்கணும், போன கை போனதுதான்னு இருக்கான். திசையன்விளையில மச்சான் கடையில உக்காரப் போறானாம். கிதாரை வித்துத் தாங்கன்னு எனக்கே போட்டோ அனுப்பியிருக்கான்."

நான் ஸ்குரூவைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அது கையிலிருந்து நழுவி மிக்சருக்குள் விழுந்தது.

"ஆனா ஒண்ணு வே" என்றார் அண்ணாச்சி. "இரைச்சல் மட்டும் சுத்தமா இல்ல. அதுல உம்மைக் குறை சொல்ல முடியாது."

அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. மிக்சருக்குள் விழுந்த ஸ்குரூவைத் தேடுகிற சாக்கில் குனிந்துகொண்டேன்.

மூணு நாள் போனது. மனதுக்குள் வக்கீல் மாதிரி வாதாடினேன். கை நிஜமாகவே மோசமாகியிருந்தால்? என் கண்டன்சரால் கொஞ்சம்தானே மந்தம், மீதி அவர் கைதானே? நான் போய் அதை எடுத்த பிறகும் சத்தம் வராவிட்டால், ஒரு மனுஷனுக்கு நம்பிக்கையைக் கொடுத்து மறுபடியும் பிடுங்கின பாவம் அல்லவா? போனில் சொல்லிவிடலாமா என்றும் பார்த்தேன். போனில் சொன்னால், பாய் ஆறுதலுக்குச் சொல்லுதாரு என்றுதான் நினைப்பார். அவர் காதால் கேட்க வேண்டும்.

சாப்பிடாமல் எழுந்ததைப் பார்த்து வீட்டுக்காரி கேட்டாள், சொன்னேன். அவள் தட்டை எடுத்துக்கொண்டே, "அந்த மனுசன் தன் கையைப் பழிச்சுக்கிட்டு இருக்காரு. நீங்க இங்க உக்காந்து கணக்குப் பாக்கிய. அல்லாவுக்குப் பொறவு அவருக்குத்தான் நீங்க பதில் சொல்லணும். காலையில பஸ் ஏறுங்க" என்றாள்.

4. அம்பையில்

கட்டரையும் சால்டரிங் அயர்னையும் ஒரு பையில் போட்டு, கடையிலிருந்த சின்ன ஆம்ப்ளிஃபயரையும் தூக்கிக்கொண்டேன். அவர் ஆம்ப்ளிஃபயரை ஏற்கெனவே விற்றிருந்தால் என்ன செய்வது என்ற யோசனை. பஸ்ஸில் சேரன்மகாதேவி வரைக்கும் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன். வீரவநல்லூர் தாண்டியதும் அதெல்லாம் மறந்துவிட்டது. கல்லிடைக்குறிச்சிப் பாலத்தில் ஆறு வந்தபோது இறங்கித் திரும்பிவிடலாமா என்றுகூட நினைத்தேன்.

கதவைத் திறந்தது செல்வின் மனைவி ஜாஸ்மின். அண்ணாச்சி கொடுத்திருந்த விலாசம்தான். "பாயா? வாங்க. இவுக உள்ளதான் இருக்காக" என்றாள்.

செல்வின் எழுந்து நின்றார். வலது கையை லுங்கி மடிப்புக்குள் வைத்திருந்தார். ஆள் இளைத்திருந்தார்.

"என்ன பாய் இவ்வளவு தூரம்? அண்ணாச்சி அனுப்பினாரா?"

"இல்ல, நானாத்தான் வந்தேன். கிதார் இருக்கா?"

"இருக்கு. சனிக்கிழமை ஒரு ஆளு பாக்க வாராரு. நீங்க வாங்கப் போறீயளா?"

"இல்ல தம்பி. அதைத் திறக்கணும்."

நின்றபடியே சொல்லிவிட்டேன். உட்கார்ந்தால் சொல்ல முடியாது என்று தெரியும். "மந்தம் பூரா உங்க கை இல்ல. அன்னைக்கு நான் உள்ள ஒரு கண்டன்சரை வச்சேன். இரைச்சலை அதுதான் அடக்குச்சு. கிதாரோட சத்தத்தையும் சேத்து அடக்கிட்டு. அந்த அம்மா சொன்னது சரி. நான் ஸ்பீக்கர் பழசுன்னு சொன்னது பொய்."

ஜாஸ்மின் கதவருகில் அப்படியே நின்றாள். செல்வின் உள்ளே போய்க் கிதாரை உறையோடு கொண்டுவந்து கட்டிலில் வைத்தார். கம்பிகளைத் தளர்த்தி வைத்திருந்தார். சுதி சேர்க்கவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"முதல்ல அப்படியே வாசிங்க" என்றேன். வாசித்தார். நான் கடையில் கேட்டதைவிட மோசமாக இருந்தது. ஒவ்வொரு தட்டும் துணிமூட்டையில் விழுகிற மாதிரி விழுந்தது. அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அதற்குப் பழகிவிட்டிருந்தார்.

மூடியைத் திறந்தேன். அயர்னைச் சூடு வைக்கக்கூடத் தேவைப்படவில்லை. கண்டன்சரின் ஒரு காலைக் கட்டரால் வெட்டினேன். டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான் வேலை. ஆம்ப்ளிஃபயரைப் போட்டதும் இரைச்சல் அந்தச் சின்ன வீடு முழுக்க வந்து நின்றது.

"வாசிங்க."

தட்டினார். கம்பி கம்பியாகக் கேட்டது. ரெண்டாவது வரிசைக்கு அவர் கண்ணை மூடிக்கொண்டார். ஜாஸ்மின் சட்டென்று அடுப்படிக்குள் போய்விட்டாள்.

நாலு நிமிஷம் வாசித்திருப்பார். பிக் விரலிலிருந்து நழுவிக் கட்டிலில் விழுந்தது. எடுத்தார், வாசித்தார், மறுபடியும் விழுந்தது. மூன்றாவது தடவை எடுக்கவில்லை.

இதை நான் மறைக்கக்கூடாது. கண்டன்சரை எடுத்ததும் கை சரியாகிவிட்டது என்று எழுதினால் நன்றாயிருக்கும். அப்படி இல்லை. பந்தை விட்டிருந்த நாட்களில் தேறி வந்த பிடியும் தளர்ந்திருந்தது. அதுவும் என் கணக்கில்தான் வரும்.

செல்வின் கையை மடக்கி நீட்டிப் பார்த்தார். "இந்தா விழுதுல்லா, இது என் கை" என்றார். பிறகு வெட்டின கண்டன்சரைக் காட்டினார். "அது நீரு."

அதுவரைக்கும் என்னை நீங்க என்றுதான் சொல்லிவந்தார்.

ஜாஸ்மின் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்தாள். கண்டன்சரைக் குனிந்து பார்த்தாள். "இந்த உளுந்தம்பருப்பு அளவு சாமானுக்கா பாய், இத்தனை நாளா இவுக சுவத்தையே பாத்துக்கிட்டு இருந்தாக? பிள்ளைங்க வகுப்புக்கு வந்தாக் கதவைத் தெறக்காதேன்னு சொல்லிட்டாக. சர்ச்சுக்கும் போகல. நான் என்னென்ன நேந்துக்கிட்டேன் தெரியுமா உங்களுக்கு?"

மன்னிப்பு கேட்டேன். அவள் அதைக் காதில் வாங்கின மாதிரி தெரியவில்லை. ஆனால் போகும்போது தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள்.

செல்வின் கேட்டார், "அன்னைக்கு எவ்வளவு வாங்கினீரு?"

"எண்ணூத்தம்பது."

"இரைச்சலை எடுத்ததுக்குல்லா வாங்கினீரு? இரைச்சல் திரும்ப வந்துட்டு. ரூவாயைத் தாரும்."

கேலி இல்லை. கோபத்தில் கத்தவும் இல்லை. வட்டிக்கடையில் கேட்கிற மாதிரி நேராகக் கேட்டார். சட்டைப்பையில் பஸ்ஸுக்குப் போக ஐநூறுதான் இருந்தது. போனில் பணம் அனுப்புகிற வசதியை நான் பயந்துகொண்டு வைத்துக்கொள்ளவில்லை. ஐநூறைக் கொடுத்தேன். எண்ணிப் பார்க்க அதில் ஒன்றுமில்லை, ஒரே நோட்டு. ஆனாலும் விரித்துப் பார்த்துவிட்டுத்தான் மடித்து வைத்தார்.

"நல்ல ஐசி வந்தாச் சொல்லும்" என்றார் வாசலில். "ஆனா இந்த வாட்டி நான் பக்கத்துல உக்காந்திருப்பேன்."

சனிக்கிழமை வரவிருந்த ஆளை வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார் என்பதைப் பிறகு அண்ணாச்சி சொல்லித் தெரிந்துகொண்டேன்.

5. சரியான வேலை

பத்து நாள் கழித்து செல்வின் கடைக்கு வந்தார், சொன்னபடி பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார். அரை நாள் ஆனது. செய்ததை வரிசையாகச் சொல்கிறேன், தம்பிமார் குறித்துக்கொள்ளுங்கள்.

பழைய ஐசியை எடுத்துவிட்டு, இரைச்சல் குறைந்த ஐசி போட்டேன். இதில் ஒரு விஷயம். கடையில் கேட்டால் இரைச்சல் குறைந்தது என்று எல்லாரும் எடுத்துக் கொடுக்கிற ஐசி மைக்குக்கு நல்லது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கிற கிதார் பிக்கப்புக்கு அது சரிப்படாது. பிக்கப்பில் சுற்று அதிகம், ரெசிஸ்டன்ஸ் அதிகம். அதற்கு எஃப்இடி உள்ளீடு உள்ள ஐசி வேண்டும். பெயரைப் பார்க்காதீர்கள், எதோடு சேர்க்கிறோம் என்று பாருங்கள்.

நூறு மடங்கைப் பத்து மடங்காகக் குறைத்தேன். மீதிச் சத்தத்தை ஆம்ப்ளிஃபயரில் எடுத்துக்கொள்ளலாம். ரெசிஸ்டன்ஸ் எல்லாம் மெட்டல் ஃபிலிம். வால்யூம் கன்ட்ரோலைப் பூஸ்டருக்குப் பின்னால் கொண்டுபோனேன். இப்போது பாட்டு முடிந்ததும் அவர் வால்யூமைக் குறைத்தால் போர்டின் இரைச்சலும் கூடவே குறைகிறது. அண்ணாச்சி மைக்கில் நிம்மதியாகப் பேசலாம்.

இவ்வளவுக்குப் பிறகும் கொஞ்சம் இரைச்சல் மிச்சமிருந்தது. இருக்கும். பெருக்குகிற எந்தச் சாமானும் சுத்த மௌனமாக இருக்காது. அதற்கு மேல் அடக்க வேண்டுமென்றால் மறுபடியும் கண்டன்சர்தான். நான் பெட்டியைத் திறந்து நாலு அளவில் எடுத்து வைத்தேன். ஒவ்வொன்றையும் ஒட்டாமல், முதலைவாய் கிளிப்பில் மாட்டிக் காட்டினேன். "இது வச்சா இவ்வளவு இரைச்சல் போவும், இவ்வளவு பளிச்சும் போவும். வாசிச்சுப் பாத்துச் சொல்லுங்க."

முதல்முறை செய்யவேண்டியது இதுதான். செய்திருந்தால் பத்து நிமிஷம் ஆகியிருக்கும்.

அவர் ஒவ்வொன்றுக்கும் வாசித்தார். பேச்சியம்மா அழைக்காமலே படியில் வந்து உட்கார்ந்துவிட்டாள். ரெண்டாவது அளவுக்கு, "வேண்டாம், லுங்கி" என்றாள். செல்வின் அன்றைக்குத்தான் முதல்தடவை சிரித்துப் பார்த்தேன். மிகச் சின்ன அளவையும் மாட்டிப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் வேண்டாம். இந்த இரைச்சல் இருக்கட்டும். இது எனக்குத் தெரிஞ்ச இரைச்சல்" என்றார். மூடியை மூடினேன்.

தம்பிமாருக்கு நான் சொல்ல வருவது இதுதான். நம்மிடம் பொருளைக் கொண்டுவருகிறவர் அதில் தன் கையைப் பார்க்கிறவர். மேளத்தில், கீபோர்டில், பாடுகிற மைக்கில், எல்லாவற்றிலும் அப்படித்தான். நாம் உள்ளே செய்கிற மாற்றத்தை நாம் சொல்லாவிட்டால் அவர் அதைத் தன் உடம்பில்தான் தேடுவார். எதை எடுத்தோம் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதோடு வேறு என்ன போனது என்றும் சொல்லுங்கள். கேட்டுவிட்டு அவர் வேண்டாம் என்றால் கூலி போகும். போகட்டும். சோதிக்கும்போது வாசிக்கச் சொல்லிச் சோதியுங்கள். கடையில் யாராவது சரியில்லை என்று சொன்னால், அவர் யாராக இருந்தாலும், கையை நிறுத்திவிட்டுக் கேளுங்கள்.

இப்போது நான் ரிப்பேர் சீட்டின் பின்பக்கத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்: இன்னதைக் குறைத்தேன், இன்னது கூடவே குறைந்தது. சிலர் சிரிக்கிறார்கள்.

அன்றைக்கு வேலைக்கான கூலியை செல்வின் முழுசாகக் கொடுத்தார். பழைய மிச்சத்தைக் கழித்துக்கொள்ளச் சொன்னேன். கேட்கவில்லை. "அது வேற, இது வேற" என்றார். சரி என்று கல்லாவிலிருந்து எடுத்து நீட்டினேன். அதையும் வாங்கவில்லை.

"இப்பம் வேண்டாம் பாய். பிக் ஒரு வாட்டிகூட விழாம ஒரு கொடை பூரா வாசிக்கணும். வாசிச்சிட்டு அங்கனருந்து நேரா உங்க கடைக்கு வந்து வாங்கிக்கிடுதேன்."

பந்து அமுக்குகிறார். சர்ச்சில் வாசிக்கிறார். கொடையில் பாதி நேரம் அவர் வாசிக்கிறார், பாதிக்கு மேல் அண்ணாச்சி வேறொரு பையனை ஏற்றுகிறார். ஒவ்வொரு கொடை முடிந்த மறுநாளும் நான் கடையை அரைமணி முந்தித் திறந்து வைக்கிறேன். இதுவரை அவர் வரவில்லை. நான் செல்வினுக்குத் தர வேண்டிய பாக்கி முன்னூற்றைம்பது ரூபாய்.